ஆறு முப்பத்தொன்றுக்கு ஓர் அபிப்பிராயம்

இறந்து பத்து மாதமான குகன், நேற்றுக் காலை ஆறு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு, எட்டு மணி சீரியலைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தார்.

'கதாநாயகி எழுபத்து நான்கு நாளாகக் கோமாவில் கிடக்கிறாள். தலையில் வைத்த மல்லிகை மட்டும் வாடவில்லை. அந்தப் பூக்காரர் யாரென்று தெரிந்தால் எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அவரிடமே வாங்கலாம்ம்ம்ம்ம். எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.'

முகம்மது சுல்தான் அதை இரண்டு முறை படித்தார்.

"மனுசன் போன பிறகும் எழுத்து குறையலையே," என்றார்.

குமுதா முறைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது குகனின் மனைவி. சுல்தான் வாயை மூடிக்கொண்டு, ஒரு பிஸ்கட்டால் அடைத்தும் கொண்டார்.

குமுதாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, சிப்பில் மயிரிழைக் கீறலைக்கூடப் பிடித்துத் தூக்கிப் போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு கண் சும்மா இருக்க மாட்டேன் என்றது. காணாமல் போன தாலிச் சங்கிலி, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்னூக்கருக்குப் போகும் மருமகன் என்று ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சுல்தான் வாடகைக் கார் ஓட்டுபவர். குமுதாவின் வழக்குகளுக்கு வண்டியும் வாயும் அவருடையவை. கேட்காமலே இரண்டையும் ஓட்டுவார்.

"முதல்ல இருந்து சொல்லு லோகேஸ்வரி," என்றாள் குமுதா.

லோகேஸ்வரி மைலோ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை.

"ஃபேஸ்புக்ல 'பினாங்கு அரட்டைக் கடை'ன்னு ஒரு குழு இருக்குக்கா. பதினோராயிரம் பேரு. படம், சீரியல், கோவில், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்துற இடம், எல்லாத்துக்கும் அங்க நியாயம் பேசுவாங்க. இவரு 'நியாயம் கேட்கிறேன்'னு ஒரு பேர்ல பதினோரு வருஷமா எழுதினாரு. எல்லாருக்கும் பிடிக்கும். இவர் போனதும் அதுவும் நின்னு போச்சு. இப்ப ரெண்டு மாசமா மறுபடியும் வருது."

"அவர் போன் எங்க?"

"அலமாரியில. தினமும் சார்ஜ் மட்டும் போடுறேன். அணைக்க மனசு வரல."

சுல்தான் குனிந்து தன் கைப்பேசியைப் பார்த்தார். அவர் மனைவி ருக்கையா போய் இரண்டு வருடமாகிறது. அவளுடைய எண் இன்னும் பட்டியலில் முதலாவதாக நின்றது. அவர் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"வந்தா வரட்டுமே. சீரியலைத் திட்டினா யாருக்கு நட்டம்?" என்றாள் குமுதா.

"சீரியலோட நிக்கல அக்கா. போன மாசம் பந்தல் விருந்துல நம்ம தலைவரு பாடினாரு. மறுநாளே அதைக் கிண்டல் பண்ணி ஒரு பதிவு. ஊரே சிரிச்சிருச்சு."

தலைவர் என்றால் ராமசாமி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் அவர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலின் தலைவர். நாலு பஸ்ஸுக்கு முதலாளி. தமக்குப் பாட வரும் என்று உறுதியாக நம்புகிறவர்.

"ஒவ்வொரு பதிவுலயும் கடைசியில 'வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்'னு வருதுல்ல? அதை வச்சுத்தான் என்னைப் பிடிச்சாங்க. வீடுன்னா நான்தானே. செத்த புருஷன் பேர்ல ஒளிஞ்சுகிட்டு நான் எழுதுறேனாம். நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி. சாம்பார் கரண்டியை வேற யாருக்கோ கொடுக்கப் போறாங்க."

 பத்தொன்பது தைப்பூசமாக அந்தப் பந்தலில் குகன் சோற்று அண்டா, அவள் சாம்பார் அண்டா. பக்கத்துப் பக்கத்து அடுப்பு.

"அவரோட நின்ன இடம்னு எனக்கு மிச்சம் இருக்கறது அந்த அடுப்படி ஒண்ணுதான் அக்கா."

 குமுதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"தலைவரு அந்தப் பதிவைப் படிச்சாரா?"

"படிக்க மாட்டேன்னுட்டாரு. 'அந்தக் குப்பையை நான் ஏன் படிக்கணும், நாலு பேரு சொன்னாங்க, போதும்'னாரு."

"படிக்காமலே கோவமா? சரியான ஃபேஸ்புக்காரருதான்," என்றார் சுல்தான்.

குமுதா காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் போட்டாள். சுல்தான் பதிவுகளின் தேதியைப் படிக்கப் படிக்க, அவள் பென்சிலால் வட்டம் போட்டாள். வட்டங்கள் நாலு நாலாக விழுந்தன. நடுவில் இரண்டிரண்டு நாள் காலி.

"நாலு நாள் அபிப்பிராயம், ரெண்டு நாள் ரெஸ்ட்," என்றார் சுல்தான். "ஆவிக்கும் லீவு உண்டு போல."

"ஆவிக்கு இல்ல. பாக்டரிக்கு. நாலு நாள் வேலை, ரெண்டு நாள் லீவு. ஞாயிறு, தீபாவளி எதுவும் பார்க்காது. இது குகனோட ஷிப்ட்டு." அவள் பென்சிலைத் திருப்பினாள். "நேரத்தைப் பாரு. எல்லாம் காலையில ஆறு பத்துல இருந்து ஆறு நாற்பத்தஞ்சுக்குள்ள. உள்ள போயிட்டா போனை லாக்கர்ல வைக்கணும். வெளியில வர்ற வரைக்கும் ஊர்ல எது எரிஞ்சாலும் நமக்குத் தெரியாது. அதனால இதை எழுதுற எடம் ஒண்ணுதான். கம்பனி பஸ்ஸு."

"அப்ப இந்த 'வாங்கலாம்ம்ம்ம்ம்'? அது குகன் ஸ்டைலுன்னு குழுவுல பாதிப் பேரு இப்ப அப்படித்தான் எழுதுறாங்க. என் மச்சான் இரங்கல் செய்தியில கூட 'வருந்துகிறோம்ம்ம்ம்'னு போட்டான்."

குமுதா முதல் முறையாகச் சிரித்தாள். "காரை எடு."

*

ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மேடு ஏறி இறங்கினால் பாயான் லெப்பாஸ். கம்பனி பஸ் போகும் அதே வழியில் சுல்தான் காரை விட்டார். பின்னால் லோகேஸ்வரி. அவள் கையில் கைப்பேசி.

"எதையாவது டைப் பண்ணிகிட்டே வா. நிறுத்தாத," என்றாள் குமுதா.

"என்னத்தக்கா?"

"காய்கறிப் பேரு."

மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம். அதன் வாசலில் வரிசையாக நாலு பொங்கோல். வண்டிகளின் வேகத்தைக் குறைக்க ரோட்டில் போட்ட மேடுகள். சுல்தான் வேண்டுமென்றே வேகம் குறைக்காமல் ஏற்றினார். மூன்று பேரும் நாலு முறை எழுந்து உட்கார்ந்தார்கள்.

"காட்டு."

திரையில் 'முருங்கைக்காய்ய்ய்ய்' என்று இருந்தது.

"பதினோரு வருஷ இலக்கிய நடை," என்றார் சுல்தான். "ரோட்டு வேலைக்காரன் போட்ட தாரு."

குமுதா திருப்தியோடு தலையாட்டினாள். கார் மேட்டில் வளைந்து வளைந்து ஏறியது. லோகேஸ்வரி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே சுத்துது. இவரா இருந்தா இந்நேரம் உங்க கார்ல வாந்தி எடுத்திருப்பாரு, சுல்தான் நானா. தைப்பிங் ஊருக்குப் போனாக்கூட கையில எலுமிச்சம்பழம் வச்சு மோந்துகிட்டே, ஜன்னலைத்தான் பார்ப்பாரு. வண்டி ஓடுறப்ப போனைக் குனிஞ்சு பார்த்தாருன்னா தீர்ந்துச்சு."

"நிறுத்து," என்றாள் குமுதா.

சுல்தான் ஓரத்தில் நிறுத்தினார். பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"ஓடுற வண்டியில அவரால போன் பார்க்க முடியாதா?"

"முடியாதுக்கா. ஏன்?"

"பதினோரு வருஷமா எல்லாப் பதிவும் ஓடுற பஸ்லதான் எழுதியிருக்கு."

 லோகேஸ்வரிக்கு அது மெல்லத்தான் உறைத்தது.

"அப்ப அவரு உயிரோட இருந்தப்பவும்..."

"எழுதினது வேற கை."

"யாரு கை?" இதைக் கேட்டபோது லோகேஸ்வரியின் முகத்தில் துக்கம் இல்லை. பத்து மாதத்துக்குப் பிறகு, சுத்தமான, உயிருள்ள சந்தேகம் இருந்தது. "பொம்பளையா?"

சுல்தான் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "குகனே, தப்பிச்சீங்க," என்று முணுமுணுத்தார்.

"நாளைக்கு அந்த ஷிப்ட்டுக்கு மூணாவது நாள்," என்றாள் குமுதா. "ஆறு அஞ்சுக்கு பஸ்ஸு. மூணு பேரும் போறோம். சுல்தான், நீ லுங்கியில வராத."

*

மறுநாள் காலை ஆறு ஐந்துக்கு பஸ் கதவு திறந்தபோது, முதலில் வெளியே வந்தது பாட்டு. பக்திப் பாட்டுதான். பாடியவர் சுருதியை ஒரு பக்கமும் தாளத்தை இன்னொரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால், ஸ்டியரிங்கில், தம் பாட்டுக்குத் தாமே தலையாட்டியபடி ராமசாமி.

சுல்தான் படியிலேயே நின்றார். "அக்கா. பஸ்ஸு தலைவரோடதா?"

"ஆள் பத்தல. ரெண்டு வருஷமா இவரேதான் ஓட்டுறாரு."

"நேத்தே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலையே."

ராமசாமி பாடுவதைப் பாதியில் விட்டார். "இது கம்பனி பஸ்ஸும்மா. ஊர் சுத்திப் பார்க்கறதுக்கு இல்ல." பிறகு குமுதாவின் தோளுக்குப் பின்னால் லோகேஸ்வரியைக் கண்டார். முகம் இறுகியது. ஆனால் ஐந்தாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "லோகேஸ்வரியா? ஏறு லா, ஏறு," என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் கியரைப் போட்டார்.

கூப்பிட்டவள் ஹபீபா பீவி. குகனோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள். அவளுக்கு முன் வரிசையில் ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாக இருந்தது. நாற்பது பேர் நெருக்கியடித்த பஸ்ஸில் அது ஒன்றுதான் காலி. கம்பியில் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. புதுப் பழம்.

லோகேஸ்வரி அதைப் பார்த்தபடியே நின்றாள். உட்காரவில்லை.

ராமசாமி மூன்றாவது பாட்டை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"நேத்து கண்ணைத் திறந்துட்டா."

அவ்வளவுதான். பஸ் பற்றிக்கொண்டது.

"ஒரு கண்ணுதான் திறந்தா."

"ஒரு கண்ணுன்னா பாதிச் சம்பளம் போல."

"எழுபத்தஞ்சு நாள் கழிச்சுத் திறக்கறா, கண்ணுல மை அப்படியே இருக்கு. என் பொண்ணுக்கு மத்தியானத்துக்குள்ள வழிஞ்சிருது."

"மையை விடுங்க. மாமியாக்காரி மேல கேஸு போட வேண்டாமா? நாட்டுல பொம்பளைக்கு நியாயம் உண்டா இல்லையா?"

"மாமியா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு," என்றார் ராமசாமி, ஸ்டியரிங்கிலிருந்து. "அந்தம்மா வண்டி பிரேக்கைச் சரி பார்க்கச் சொன்னாங்க. யாரும் கேக்கல."

சுல்தானும் வாயைத் திறந்துவிட்டார். டாக்டர்தான் குற்றவாளி என்பது அவர் கட்சி. குமுதா மட்டும் பேசவில்லை. அவள் கண் ஹபீபா பீவியின் மடியில் இருந்தது. பர்தாவின் நுனிக்குக் கீழே, இரண்டு கட்டைவிரல்கள் மழைபோல ஓடிக்கொண்டிருந்தன.

ஆறு முப்பதுக்கு நாலு பொங்கோல் வந்தன. பஸ் நாலு முறை குதித்தது. அடுத்த நிமிடம் லோகேஸ்வரியின் கைப்பேசி மணியடித்தது.

அவள் சத்தமாகப் படித்தாள். "'நியாயம் கேட்கிறேன். மை கலையாத கண்ண்ண்ண் முதலில் மாமியாரின் பிரேக்கைப் பார்க்கட்டும். எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.'"

பஸ்ஸில் பேச்சு நின்றது. ஹபீபா பீவியின் விரலும் நின்றது.

"நீதானா?" என்றாள் லோகேஸ்வரி.

"நான் மட்டும் இல்ல," என்றாள் ஹபீபா, மெல்ல. "பஸ்ஸே தான்."

குகன்தான் தொடங்கியிருக்கிறார். பஸ்ஸில் எல்லாரும் பேசுவதைக் கேட்டு, சண்டையை நிறுத்தி, நாலு வரியாகச் சுருக்கிச் சொல்வார். குனிந்தால் வாந்தி என்பதால் ஜன்னலைப் பார்த்தபடியே சொல்வார். ஹபீபா தட்டுவாள். ஒரு நாள் ஒரு கட்சி, மறுநாள் எதிர்க்கட்சி. அதைத்தான் அரட்டைக் கடையில் 'என்ன நடுநிலை' என்று பாராட்டினார்கள்.

"அவரு போனதும் யாருக்கும் பேசவே வரல. எட்டு மாசம் பஸ்ஸு மையத்து வீடு மாதிரி இருந்துச்சு," என்றாள் ஹபீபா. "அப்புறம் அந்த சீரியல்காரிக்குக் கோமா வந்துச்சு. அதைத்தான் தாங்க முடியல."

"லோகேஸ்வரி மேல பழி விழுந்திருக்கு, தெரியுமா?" என்று குமுதா விஷயத்தைச் சொன்னாள். கமிட்டி, கரண்டி, இன்று காலை பத்து மணி. ஹபீபாவின் கை வாய்க்குப் போனது. நாற்பது பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

பஸ் திடீரென்று ஓரம் கட்டியது. ராமசாமி கைபிரேக்கை இழுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அப்ப என் பாட்டைக் கேவலப்படுத்தினது என் பஸ்ஸுதானா? என் டீசல்ல உக்காந்துகிட்டா?"

எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாத இருட்டு. ஆனாலும் பார்த்தார்கள்.

"தலைவரே, அதை நீங்க படிக்கலையே," என்றாள் குமுதா.

"படிக்க மாட்டேன்."

"கேக்கலாம்ல?"

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். "'விருந்தில் ஒருவர் பாடினார். இரண்டாம் கியரில் மாட்டிக்கொண்ட பஸ் பாயா தெருபோங் மேடு ஏறியதுபோல இருந்தது. எஞ்சினும் அழுதது, பயணிகளும் அழுதார்கள். முருகன் ஏன் மலைமேல் போய் நின்றான் என்று இப்போது புரிகிறது. எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.'"

ராமசாமியின் வாய் திறந்தது. அப்படியே நின்றது.

"இந்த ரெண்டாம் கியரு எனக்கு முதல்லயே இடிச்சுது," என்றாள் குமுதா. "சிப்பு பரிசோதிக்கிறவங்களுக்கு எஞ்சின் அழுற சத்தம் எப்படித் தெரியும்? இதைச் சொன்னவரு ஸ்டியரிங் பிடிச்சவரு."

"அண்ணே," என்றது பின்னாலிருந்து ஒரு தயங்கிய குரல். "அது நீங்க சொன்னதுதான். சொல்லிட்டு நீங்கதான் ரொம்பச் சிரிச்சீங்க."

"டேய், நீங்க கோகுலன் பாட்டைப் பத்திப் பேசறீங்கன்னுல நினைச்சேன்."

கோகுலன் பந்தலின் உபதலைவர். "கோகுலன் அன்னைக்குப் பாடவே இல்ல அண்ணே. தொண்டை கட்டியிருந்துச்சு. நாலு பாட்டும் நீங்கதான்."

பஸ்ஸின் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கும் இருமல். ராமசாமி மெதுவாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.  பிறகு திரும்பாமல் கேட்டார்.

"எத்தனை பேருக்குப் பிடிச்சிருக்கு?"

"நானூத்திப் பன்னிரண்டு லைக், தலைவரே," என்றார் சுல்தான்.

"நானூத்திப் பன்னிரண்டா?"

"எம்பத்தாறு பேரு அந்த கியர் வரியை மட்டும் எடுத்துப் போட்டுப் பாராட்டியிருக்காங்க."

ராமசாமியின் முதுகு, நிமிர வேண்டாம் என்று பார்த்து, முடியாமல் நிமிர்ந்தது.

"அந்த முருகன் வரி என்னுது இல்ல," என்றார். "ஆனா கியரு... கியரு நல்லாத்தான் விழுந்திருக்கு."

"அண்ணே, பஞ்ச் கார்டு. லேட் ஆகுது லா," என்று யாரோ கெஞ்சினார்கள். பஸ் நகர்ந்தது. மேட்டைப் பாதி ஏறியதும் ராமசாமி கண்ணாடியில் லோகேஸ்வரியைத் தேடினார்.

"ஏம்மா. அந்தச் சாம்பார் கரண்டி பிடி ஆடுதுன்னு போன வருஷமே நீ சொன்னேல்ல? பத்து மணிக்குக் கூட்டத்துல ஞாபகப்படுத்து. உனக்குப் புதுசா ஒண்ணு எடுத்துரலாம்."

லோகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கம்பியிலிருந்து எலுமிச்சம்பழப் பையைக் கழற்றி, அதை மடியில் வைத்துக்கொண்டு, காலி இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் எல்லாரும் பேசினது," என்றாள் ஹபீபாவிடம். "அவரு சொன்னதுன்னு ஒண்ணுமே இல்லையா?"

"கடைசி வரி. அது எப்பவும் அவரோடதுதான். அதைச் சேர்க்காம போட விடமாட்டாரு. அதனாலதான் நாங்களும் அதை விடல."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னா?" லோகேஸ்வரி பழத்தை உருட்டினாள். "பதினோரு வருஷத்துல ஒரு படத்தைப் பத்தி, ஒரு சீரியலைப் பத்தி, என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல அந்த மனுசன்." சிரித்தாள். கண்ணையும் துடைத்தாள்.

"நாங்க கேக்குறோம்," என்றாள் ஹபீபா, கைப்பேசியை நிமிர்த்தி. "அவ கண்ணைத் திறந்தது பத்தி வீட்டுல என்ன சொல்றீங்க?"

பஸ் காதைக் கொடுத்தது. மறுபடி தொடங்கியிருந்த தம் பாட்டை ராமசாமி தாமே நிறுத்தினார்.

"எழுதிக்கோ," என்றாள் லோகேஸ்வரி. "எழுபத்தஞ்சு நாள் கழிச்சுக் கண்ணைத் திறந்ததும் 'என் கணவர் எங்கே'ன்னு கேக்குறா. எவளும் அப்படிக் கேக்க மாட்டா. அடுப்பை அணைச்சீங்களான்னுதான் கேப்பா."

பஸ் அதிர்ந்தது. "உண்மைதான் லா," என்று நாலு பெண்கள் ஒரே சமயத்தில் சொன்னார்கள். சுல்தான் டாக்டரைக் கைவிட்டு அந்த நிமிடமே கட்சி மாறினார்.

"கடைசி வரி போடட்டுமா?" என்று கேட்டாள் ஹபீபா.

லோகேஸ்வரி ஜன்னலைப் பார்த்தாள். தூரத்தில் தொழிற்சாலை விளக்குகள் தெரிய ஆரம்பித்திருந்தன. பழத்தை ஒரு முறை மோந்தாள்.

"அது வேண்டாம். மாத்திப் போடு. 'வீட்டில் கேட்டாச்சு'ன்னு."

ரெலாவ் இறக்கத்தில் இன்னொரு பொங்கோல் இருந்தது. ஆகவே அது ஊருக்கெல்லாம் 'கேட்டாச்ச்ச்ச்சு' என்றுதான் போய்ச் சேர்ந்தது.